தேங்காய்த் தீவிலிருந்து ஒரு ரக்பி வீரர்

1921-இல் கிள்ளானுக்கு ஒரு போர்க்கப்பல் வந்தது. அன்று அந்தத் துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். மலாயா. கூட்டு மலாய் மாநிலங்களின் செலவில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்டது. அந்த மாநிலங்களுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஈயமும் ரப்பரும்தான் பதில். ஆக, நம் பாட்டன் பூட்டன் வியர்வையும் அந்த இரும்பில் கொஞ்சம் கலந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மாலுமிகள் ஊர் ஊராகப் போய் உள்ளூர்க் குழுக்களோடு விளையாடினார்கள், விருந்து சாப்பிட்டார்கள். அந்த வரவேற்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்களைக் கொடுத்தார்கள். ஒன்று கால்பந்துக்கு. அதன் முதல் இறுதியாட்டம் அதே ஆண்டு கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் திடலில் நடந்தது. இன்றைக்கு அந்தப் போட்டியை மலேசியக் கிண்ணம் என்கிறோம். இன்னொரு கிண்ணம் ரக்பிக்கு. அதைப் பற்றிப் பிரிக்ஃபீல்ட்ஸ் தேநீர்க் கடையில் யாரும் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ரக்பி நமக்கு மேலே இருந்து வந்த விளையாட்டு. தோட்டத்துத் துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் மாலையில் விளையாடினார்கள், பிறகு பெரிய பள்ளிகளின் பையன்கள் கற்றுக்கொண்டார்கள். டத்தாரான் மெர்டேக்காவாக மாறுவதற்கு முன் சிலாங்கூர் கிளப்பின் அந்தப் பாடாங் பல பத்தாண்டுகள் ரக்பி பார்த்திருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா கிளப் 1960-களில் பத்துப் பேர் ஆடும் ரக்பி வகையை வளர்த்தெடுத்தது. பிரிட்டனிலிருந்து இங்கே வந்தது என்று கதையை இப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மலாயா கப்பல் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தப் பக்கத்துக் கடலிலிருந்து ஒருவர் அங்கே போய், உலகத்தின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டத்திலேயே இறங்கியிருக்கிறார். அவருடைய தாய் மலாய்ப் பெண்.

1871 மார்ச் 27, திங்கட்கிழமை. எடின்பர்க் நகரின் ரேபர்ன் பிளேஸ் திடல். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின, சுமார் 4,000 பேர் பார்த்தார்கள். இங்கிலாந்தின் ரக்பி சங்கம் பிறந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கத்துக்கு 20 பேர், பாதிக்கு 50 நிமிடம். பந்தைக் கைமாற்றி ஓடும் அழகெல்லாம் பிற்காலத்து வரவு. அன்று ஆட்டம் என்றால் பெரும்பாலும் முப்பது பேர் ஒரே குவியலாக நெருக்கித் தள்ளுவது, பந்து வெளியே வந்தால் காலால் உருட்டிக்கொண்டு ஓடுவது. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் புள்ளி கிடையாது. கோல் கம்பத்தை நோக்கி ஓர் உதை உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டுமே கிடைக்கும். அந்த உதை குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால்தான் கணக்கு. ஸ்காட்லாந்து இரண்டு முறை கோட்டைத் தாண்டி ஓர் உதையை உள்ளே அனுப்பியது. இங்கிலாந்து ஒரு முறை தாண்டியது, உதை தவறியது. ஸ்காட்லாந்துக்கு வெற்றி. (இதே இரு நாடுகளும் 1879 முதல் மோதும் கோப்பை இந்திய வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது. கல்கத்தாவில் கலைந்துபோன ஒரு ரக்பி கிளப், கையிருப்பை என்ன செய்வதென்று யோசித்து அனுப்பிவைத்தது. கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியில் யானை.)

ஸ்காட்லாந்தின் கடைசித் தடுப்பு வரிசையில் நின்ற மூன்று பேரில் ஒருவர் ஆல்ஃபிரட் குளூனிஸ் ராஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக மாணவர். பின்வரிசைக்காரனின் தலைவலியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பந்துக்குள் இருந்தது பன்றியின் மூத்திரப்பை. அதை வாயால் ஊதி, மேலே தோல் தைப்பார்கள். பை என்ன வடிவமோ பந்தும் அந்த வடிவம், ஏறக்குறைய முட்டை. உருண்டைப் பந்து தரையில் விழும்போது தொடும் புள்ளி எப்போதும் பந்தின் மையத்துக்கு நேர் கீழே இருக்கும். தரை கொடுக்கும் எதிர்த்தள்ளல் மையத்தின் வழியாகவே மேலே போகும். முட்டைப் பந்து அப்படியில்லை. மூக்கு சாய்ந்து விழுந்தால் தொடும் புள்ளி மையத்திலிருந்து விலகிவிடும், தள்ளல் மையத்தைத் தவறவிட்டுப் பந்தைச் சுழற்றிவிடும். அந்தச் சுழற்சி அடுத்த குதியில் மூக்கு எங்கே இருக்கும் என்பதை மாற்றும், அது அதற்கடுத்த குதியை மாற்றும். முதல் குதியில் சிறு கோண வேறுபாடு, மூன்றாவது குதியில் பந்து வேறு திசையில். தனக்குப் பின்னால் யாருமில்லாத இடத்தில் நின்றுகொண்டு இதைப் பிடிக்க வேண்டியது ஆல்ஃபிரடின் வேலை.

அவர் ஸ்காட்லாந்துக்கு ஆடியது அந்த ஒரே ஓர் ஆட்டம். உலக ரக்பியின் முதல் வெள்ளையரல்லாத சர்வதேச வீரர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அதே 1871-இல் நம் பள்ளத்தாக்கில் கிள்ளான் போர் நடந்துகொண்டிருந்தது. கோலாலம்பூர் என்பது சீனத் தலைவர் யாப் ஆ லோய் காத்துநின்ற அத்தாப்புக் குடிசைகளின் ஈயச் சுரங்க ஊர்; அடுத்த ஆண்டே எதிரணியிடம் விழுந்து நாசமானது. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் யாரும் இன்னும் வரவில்லை. மலாய்த் தாயின் மகன் ஒருவர் அந்தக் காலத்தில் எடின்பர்க் திடல்வரை போனது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் ரக்பியை விட்டு ரொம்ப தூரம், கடலுக்கு அடியில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்கே, இறங்க வேண்டியிருக்கிறது.

ஆல்ஃபிரட் பிறந்தது கோக்கோஸ் தீவுகளில். கீலிங் தீவுகள் என்றும் சொல்வார்கள். கோலாலம்பூரிலிருந்து தென்மேற்கே சுமார் 1,800 கிலோமீட்டர், சுமத்ராவைத் தாண்டித் திறந்த இந்தியப் பெருங்கடலில். இன்று ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம் என்றாலும் பெர்த் நகரைவிட நமக்குத்தான் கிட்டம். மொத்த நிலம் 14 சதுர கிலோமீட்டர். இருபத்துச் சொச்சம் தீவுத் துண்டுகள் ஒரு காயலைச் சுற்றி வளையமாகக் கிடக்கின்றன. வடக்கே தனியாக இன்னொன்று. பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. மலையில்லை, ஆறில்லை, களிமண்கூட இல்லை. எல்லாமே பவளத்தின் உடைசல்.

1836 ஏப்ரல் 1-ஆம் தேதி அங்கே வந்து இறங்கியவர்களில் 27 வயது சார்லஸ் டார்வினும் ஒருவர். பீகிள் கப்பல் 12-ஆம் தேதிவரை நின்றது. நடுக்கடலில் இப்படி வளையங்கள் எப்படி வந்தன என்ற புதிர் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. பாறை கட்டும் பவள உயிர்களுக்கு வெளிச்சம் வேண்டும். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் சமைத்துப் போடுவதைத் தின்றுதான் அவை சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன என்பது பின்னால் தெரிந்த விஷயம். ஆனால் சில பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே அவை வளர்வதில்லை என்று டார்வினுக்கே தெரிந்திருந்தது. கோக்கோஸில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கினார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கொழுப்பில் உயிருள்ள பவளத்தின் தடம் பதிந்து வந்தது. ஆழம் கூடக்கூட மணல் ஒட்டி வந்தது. அதே நேரம் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் கரையிலிருந்து இரண்டே கிலோமீட்டர் தள்ளி 7,200 அடிக் கயிற்றை இறக்கினார். தரை தட்டவில்லை. இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேலான ஆழத்திலிருந்து ஒரு செங்குத்துக் கோபுரம் எழுந்து வருகிறது, உச்சியில் மட்டும் பவளம் வாழ்கிறது. வெளிச்சமே எட்டாத அந்த ஆழத்தில் அடித்தளத்தைக் கட்டியது யார்?

கடலுக்கடியில் உள்ள எரிமலை வாய்களின் விளிம்பில் பவளம் வளர்கிறது, அதனால் வளையம் என்று அப்போது பலர் நம்பினார்கள். டார்வினுக்கு அது சரிப்படவில்லை. பல வளையங்கள் பத்துப் பதினைந்து மைல் குறுக்களவுக்குப் பரந்தவை. அவ்வளவு பெரிய எரிமலை வாய்கள் அத்தனையும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து ஒரே சீராக நின்றுகொண்டன என்று எப்படி நம்புவது? அவர் சொன்ன விடை எளிமையானது. முதலில் கடலுக்கு மேலே ஓர் எரிமலைத் தீவு இருந்தது. அதன் கரையைச் சுற்றிப் பவளம் ஒட்டி வளர்ந்தது. எரிமலை அணைந்தபின் தீவு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பவளமோ வெளிச்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, இறங்கும் அளவுக்கு மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போனது. கடைசியில் மலை முழுவதும் மூழ்கிவிட்டது. அதன் கரை எங்கே இருந்ததோ அந்த வட்டம் மட்டும் பவளமாக மிஞ்சியது. மலை நின்ற இடம் காயல். இந்த யோசனையை அவர் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரு பவளத் திட்டையும் கண்ணால் பார்க்காதபோதே உருவாக்கிக்கொண்டார். கோக்கோஸ் அதற்குக் கிடைத்த நேரடிச் சோதனை. 1842-இல் நூலாக வந்தது.

மலை ஏன் இறங்குகிறது என்பதற்கு டார்வினிடம் பதில் கிடையாது. நமக்கு இருக்கிறது. கடல்தரை நடுக்கடல் முகடுகளில் சூடாகப் பிறக்கிறது, அங்கிருந்து விலகி நகர நகர ஆறுகிறது, ஆறும்போது சுருங்கிக் கனத்துத் தாழ்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் எரிமலையும் அதோடு தாழ்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு என்பது போன்ற வேகம். பவளம் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறக்கூடியது. டார்வின் சொன்னது சரியா என்று பார்க்கத் துளை போட வேண்டியிருந்தது. பசிபிக்கின் ஃபுனாஃபுட்டி வளையத்தில் 1890-களில் 300 மீட்டருக்கும் மேல் துளைத்தும் பவளச் சுண்ணக்கல்தான் வந்துகொண்டே இருந்தது. 1952-இல் எனிவெட்டோக் வளையத்தில், அணுகுண்டுச் சோதனைக்காக அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கர்கள் சுமார் 1,400 மீட்டர் இறங்கினார்கள். அடியில் எரிமலைப் பாறை தட்டியது. டார்வின் செத்து எழுபது ஆண்டு ஆகியிருந்தது.

இப்போது வளையத்தின் மேலே வருவோம். மனிதன் குடியேறத் தண்ணீர் வேண்டும். சுற்றிலும் உப்பு, நடுவிலும் உப்பு, காலடியில் சல்லடை போன்ற மணல். ஆனாலும் கோக்கோஸில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வந்தது. அதிலும் ஒரு விசித்திரம்: கடல் ஏறும்போது கிணற்று நீர் ஏறியது, வற்றும்போது இறங்கியது. கடலோடு தொடர்புள்ள கிணறு எப்படிக் கரிக்காமல் இருக்கிறது? மணல் உப்பை வடிகட்டுகிறது என்று சொன்னவர்களை டார்வின் ஏற்கவில்லை. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, ஆகவே மணலுக்குள் அதன்மேல் மிதக்கிறது என்றார். அதுவே சரி. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். அந்தச் சின்ன வித்தியாசத்தால், நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயர்ந்து நின்றால் கணக்குப்படி கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது சாண் ஆழத்துக்கு நன்னீர் நிற்க முடியும். அலையேற்றம் ஓயாமல் கலக்கிக்கொண்டிருப்பதால் உண்மையில் அந்த அடுக்கு மெலிதாகத்தான் இருக்கும். என்றாலும் ஒரு கிராமத்துக்குப் போதும், ஒரு தென்னந்தோப்புக்குப் போதும்.

தென்னை அங்கே தானாகவே வந்து நின்ற மரம். நெற்று காற்றடைத்த நார்க்கூட்டுக்குள் வாரக்கணக்கில் மிதக்கும், உப்பு மணலில் கரையொதுங்கி முளைக்கும். களிமண் வேண்டாம், உப்புக் காற்றுக்கு அஞ்சாது, வேர் அந்த மெல்லிய நன்னீரை எட்டிப் பிடிக்கும். 1836-இல் தீவின் ஏற்றுமதி ஏறக்குறைய தேங்காயை மட்டுமே நம்பியிருந்தது. கொஞ்சம் எண்ணெயாக ஆட்டினார்கள். மீதி முழுத் தேங்காயாக சிங்கப்பூருக்கும் மொரிஷியஸுக்கும் போனது. அங்கே துருவிக் குழம்பில் போடத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது என்று டார்வின் குறித்து வைத்திருக்கிறார். பரிணாமக் கொள்கையைத் தந்தவர் நம் குழம்புக்குத் தேங்காய் எங்கிருந்து வருகிறது என்றும் எழுதிவைத்திருப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

பணம் எண்ணெயில் இருந்தது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம். அதன் மூலக்கூறுச் சங்கிலி குட்டை. அதனால் அதில் செய்த சோப்பு கெட்டியாக இருக்கும், நொடியில் நுரைக்கும், மற்ற சோப்புகள் திரிந்துபோகும் கடல்நீரில்கூட நுரைக்கும். கப்பல்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். தொழிற்சாலைப் புகையில் கறுத்த பிரிட்டிஷ் நகரங்கள் குளிக்கவும் துவைக்கவும் கற்றுக்கொண்ட காலம் அது. 1853-இல் சோப்பு மீதான வரியையும் எடுத்துவிட்டார்கள். மெழுகுவர்த்திக்கும் எண்ணெய் தேவைப்பட்டது. சந்தை விரிந்த அதே ஆண்டுகளில்தான் தோப்புக்குச் சொந்தக்காரர்களான குளூனிஸ் ராஸ் வீட்டுப் பையன்கள் படிக்கக் கப்பலேறினார்கள். மூழ்கிய மலை பவளத்தைத் தாங்கியது, பவளம் மழைநீரைத் தாங்கியது, நீர் தென்னையைத் தாங்கியது, தென்னை ஸ்காட்லாந்துக் கல்விச் செலவைத் தாங்கியது. மூத்தவர் ஜார்ஜ் கிளாஸ்கோவில் பொறியியல் படித்தார். ஆல்ஃபிரடுக்கு மருத்துவப் படிப்பு.

ஆனால் தேங்காய் தானே உரிந்து கொப்பரையாகிவிடாது. இங்கே கதையை நிறுத்திக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். முதலில் குடியேறியவர் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயர். ஜாவாவைப் பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில் அங்கே துணை ஆளுநராக இருந்த ராஃபிள்ஸின் தயவில் போர்னியோவின் பஞ்சார்மாசினில் குட்டி ராஜாவாக இருந்தவர். 1826-இல் நூறு பேர் அளவில் அடிமைகளையும் ஆசைநாயகிகளையும் கூட்டிக்கொண்டு இந்த ஆளில்லாத வளையத்துக்கு வந்தார். மறு ஆண்டு வந்தவர் ஆல்ஃபிரடின் தாத்தா ஜான் குளூனிஸ் ராஸ், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளைச் சேர்ந்த கப்பல் தலைவர், மனைவி மக்களோடும் சில மாலுமிகளோடும். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஹேரின் ஆட்கள் ஒவ்வொருவராக ராஸ் பக்கம் நழுவினார்கள், 1831-இல் ஹேர் தீவைவிட்டே போனார். பெயரளவில் அந்த மக்கள் இப்போது சுதந்திரமானவர்கள், ஆனால் பல விஷயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்றும் டார்வின் எழுதினார். 

பிற்காலத்தில் பத்திரிகைகள் இந்தக் குடும்பத்தைக் கோக்கோஸின் அரசர்கள் என்று கொண்டாடின. நமக்கு இதைப் புரிந்துகொள்ள ராஜா கதை வேண்டாம். ஒரே முதலாளி, ஒரே பயிர், அவர் கட்டிக்கொடுத்த வீடு, அவருடைய கடை, அவர் அடித்த காசு. அந்தக் காசு தீவுக்கு வெளியே செல்லாது. தீவைவிட்டுப் போனவர் திரும்பி வரக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. கேரித் தீவிலோ காப்பாரிலோ தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. துரை வீட்டுப் பிள்ளை சீமைக்குப் படிக்கப் போவதும் நமக்குத் தெரிந்த காட்சிதான்.

வித்தியாசம் ஆல்ஃபிரடின் தாயில் இருக்கிறது. தந்தை ஜான் ஜார்ஜ், இரண்டாவது ராஸ், மணந்தது சுபியா டுப்போங் என்ற மலாய்ப் பெண்ணை. ஜாவாவின் சோலோ அரச குடும்பத்து வழி வந்தவர் என்று குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். மலாயாத் தோட்டங்களில் துரைமாரின் உள்ளூர்ப் பிள்ளைகள் பல நேரம் அப்பன் பெயர்கூட இல்லாமல் வளர்ந்தார்கள். இங்கே ஊரறிந்த மனைவி, குடும்பப் பெயர் தாங்கிய பிள்ளைகள், மூத்தவருக்குத் தீவின் ஆட்சி. ஜார்ஜும் ஒரு கோக்கோஸ் மலாய்ப் பெண்ணையே மணந்தார். ஆல்ஃபிரடை முதல் என்று கொண்டாடுபவர்கள் அவரை ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதியாக ஆக்கிவிடக் கூடாது; அவர் தேங்காய் உரித்தவரின் மகனல்லர், தோப்புக்காரரின் மகன். அதே சமயம் எடின்பர்க் திடலில் அவர் முகத்தில் தாயின் சாயலும் இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அவர் ஆடிய அதே 1871-இல் தந்தை இறந்தார், ஜார்ஜ் பொறுப்பேற்றார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆல்ஃபிரட் படித்த அந்தச் சிற்றூரில் 1833 முதல் ஒரு பள்ளி இருக்கிறது, பெயர் மெட்ராஸ் காலேஜ். ஊர்க்காரரான ஆண்ட்ரூ பெல் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை விடுதியை ஏற்று நடத்தியவர். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அந்த வழக்கத்தைத் தன் விடுதிக்குக் கொண்டுபோனார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே வளர்த்து, மெட்ராஸ் முறை என்று பிரிட்டன் முழுக்கப் பரப்பினார். தேங்காய்த் தீவுப் பையன் நடந்த தெருவில் சென்னைப் பட்டணத்தின் பெயர் தொங்கியது.

தீவின் அரசியல் கணக்கு அதைவிட வேடிக்கை. 1857-இல் ஃப்ரிமேண்டில் என்ற கடற்படைத் தலைவர் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அந்தமானுக்குப் பக்கத்திலுள்ள கோக்கோ தீவுகளில் ஏற்ற வேண்டியதை இடம் மாறி இங்கே ஏற்றிவிட்டார் என்று சொல்வார்கள். 1878-இல் இலங்கை ஆளுநர் பொறுப்பில் வைத்தார்கள். 1886-இல் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்த்தார்கள். பினாங்கும் மலாக்காவும் எந்த ஆளுநருக்குக் கீழோ அதே சிங்கப்பூர் ஆளுநர். தீவின் நிலம் முழுவதையும் ராஸ் குடும்பத்துக்கே என்றென்றைக்கும் எழுதிக்கொடுத்ததும் அதே ஆண்டில்தான்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை அறியாத தமிழர் குறைவு. அக்டோபர் 28 விடியலில் அது பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று அது தன் முடிவைச் சந்தித்த இடம் கோக்கோஸ். அங்கிருந்த கடலடித் தந்திக் கம்பியை அறுக்க ஆட்களை இறக்கிய நேரத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து பிடித்துக்கொண்டது. அடிபட்ட எம்டன் வடக்குப் பவளத் திட்டில் தரைதட்டியது. கரையில் சிக்கியவர்கள் தப்பிப் போனது ராஸ் குடும்பத்தின் ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலில்.

இதற்கெல்லாம் முன்பே ஜார்ஜின் கண் கிழக்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த கிறிஸ்மஸ் தீவு மேல் விழுந்தது. 1888-இல் தம்பி ஆண்ட்ரூ அங்கே குடியேறினார். அதுவும் இதே போல மூழ்கிய எரிமலை, மேலே பவளச் சுண்ணக்கல். ஆனால் அது கடலுக்கு மேலே 361 மீட்டர் எழுந்து நிற்கிறது, காடடர்ந்த படிக்கட்டுகளாக. காரணம், அது ஜாவாப் பள்ளத்துக்குக் கிட்டே போய்விட்டது. இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு அந்தப் பள்ளத்துக்குள் மடங்கி இறங்குவதற்குச் சற்று முன் லேசாகப் புடைக்கிறது. அந்தப் புடைப்பின்மேல் ஏறிய தீவு, தான் கட்டிய பவளத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பழைய கரையோரங்களே இன்று மலையில் படிகளாகத் தெரிகின்றன. ஒரே குடும்பத்தின் இரண்டு தீவுகளில் ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது.

கிறிஸ்மஸ் தீவின் பாறை மாதிரியில் பாஸ்பேட் இருப்பதைக் கண்டுபிடித்தவர் கடலியல் அறிஞர் ஜான் மர்ரே. 1891-இல் குத்தகை மர்ரேக்கும் ஜார்ஜுக்கும் கூட்டாகக் கிடைத்தது. இந்த மர்ரேதான் பவள வளையங்களுக்கு மலை மூழ்கத் தேவையில்லை என்று டார்வினை எதிர்த்து வாதாடியவர். கொள்கையில் தோற்றார், பாஸ்பேட்டில் பணக்காரரானார். அந்தத் தீவையும் 1958 வரை சிங்கப்பூர் வழியாகத்தான் ஆண்டார்கள். அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், கோக்கோஸ் மக்கள் தொகை சுமார் 1,800 ஆகி, தேங்காய் அவர்களைத் தாங்க முடியாமல் போனது. நூற்றுக்கணக்கானோர் கப்பலேறி வடக்கு போர்னியோவின் தோட்டங்களுக்குப் போனார்கள். தாவாவ் பக்கம் அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று மலேசியர்கள். மிஞ்சிய தீவை 1978-இல் ஐந்தாவது ராஸ் 62.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றார். 1984-இல் தீவு மக்கள் வாக்களித்து ஆஸ்திரேலியாவோடு இணைந்தார்கள்.

பாஸ்பேட் நம் பக்கம் வந்தது. கிறிஸ்மஸ் தீவுப் பாறைத்தூள் அமில மண்ணில் மெதுவாகக் கரைந்து வேருக்கு ஊட்டும். மலாயாவின் மண்ணோ அமில மண். அதனால் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் அது பல பத்தாண்டுகளாக நம்பகமான உரம். கங்காணி எண்ணிக் கொடுத்த மூட்டையைப் பிரித்து, இடுப்பில் பேசினைக் கட்டி, மரம் மரமாக அந்தத் தூளைக் கையால் வீசியவர்களில் நம் அம்மாக்களும் அத்தைமார்களும் ஏராளம்.